மூட்டைக்கு ஒரு பிடி

சாவடிக் கம்பை இறக்கச் சொன்ன இன்ஸ்பெக்டர் குழந்தைசாமி, வண்டிகள் கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா ஏத்திட்டு வாறீங்க? கருவாடா?"

முன்வண்டியில் கயிற்றைப் பிடித்திருந்த அய்யாக்கண்ணு சிரித்தான். "நெல்லுங்க."

"நெல்லு இப்பிடியா நாறும்?"

"நாத்தம் சாக்கோடதுங்க. நெல்லு பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் சொன்னது சரிதான். அந்தச் சாக்குகள் ஆலங்குடிப் பக்கம் போகும்போது கருவாட்டைச் சுமந்து போகும். திரும்பும்போது நெல்லைச் சுமந்து வரும். வருஷத்துக்கு வருஷம் அதே சாக்குகள். எத்தனை முறை வெயிலில் காயப்போட்டாலும் நெத்திலி மணம் சணலை விட்டுப் போகாது. அந்த நெல்லை அவித்துக் குத்திச் சோறாக்கினால் மட்டும் மணம் இருக்காது. உமியோடு போய்விடும்.

அது அறுபதுகளின் நடுவில், அரிசி கிடைக்காமல் பட்டணத்து ஜனங்கள் கடைவாசலில் வரிசையில் நின்ற வருஷம். ஆலங்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற ரோட்டில், ஜில்லா எல்லையில், அந்தச் சாவடி புதிதாக முளைத்திருந்தது. போன தை மாதம் அங்கே ஒரு புளியமரம் மட்டும்தான் இருந்தது.

"யாரு சரக்கு இது?"

பின்வண்டிக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த இன்னாசியம்மாள் முன்னால் வந்தாள். மீமிசல் கடற்கரையில் ஒரு மீனவத் தெருவைச் சேர்ந்தவள். நாற்பது தாண்டிய உடம்பு, வெயிலில் காய்ந்து மெலிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்க தெருவுதுங்கய்யா."

"தெருவா வந்து வாங்குச்சு? வாங்குனது யாரு?"

"வாங்கலைங்கய்யா. கருவாட்டக் குடுத்து மாத்துனது. நாந்தான் மாத்துனேன்."

"யாருகிட்ட?"

"சம்சாரிங்ககிட்டதான். களத்துல."

குழந்தைசாமி இரண்டு வண்டிகளையும் சுற்றி வந்தார். விளிம்புக்கு மேல் மூட்டைகள் நிறைந்திருந்தன. "லைசென்ஸ் எங்க?" என்றார்.

இதைக் கேட்டதும் அய்யாக்கண்ணுவுக்கு நிம்மதி வந்தது. வண்டியிலிருந்து குதித்து, சக்கரத்துக்கு மேலே சட்டத்தில் ஆணியடித்திருந்த தகர வில்லையைத் துண்டால் துடைத்துக் காட்டினான். "இந்தா பாருங்க. இந்த வருசத்து வில்லை. பஞ்சாயத்துல பணம் கட்டியாச்சு. ரெண்டு வண்டிக்கும் இருக்கு."

"வண்டி லைசென்ஸ் யாருய்யா கேட்டா? நெல்லு லைசென்ஸ்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். வண்டிக்கு வில்லை தெரியும். சைக்கிளுக்கு வில்லை தெரியும். நாய்க்குக்கூடப் புதுக்கோட்டையில் வில்லை கட்டுவார்கள் என்று அய்யாக்கண்ணு கேள்விப்பட்டிருந்தான். நெல்லுக்கு எங்கே ஆணி அடிப்பது?

குழந்தைசாமி கெட்ட மனிதர் அல்ல. ஒன்றைச் சொன்னால் எதிராளிக்குப் புரியும்வரை சொல்லுவார். புளியமர நிழலில் நின்று சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இது.

அறுப்புக் காலத்தில் களத்திலேயே நெல்லை மலிவாக வாங்கி, கிட்டங்கியில் பூட்டிவைத்து, ஊர் பசிக்கும்போது இரட்டை விலைக்கு விற்கிறவர்கள் இருந்தார்கள். எவன் எங்கே எவ்வளவு வைத்திருக்கிறான் என்பது தெரியாமல் அரசாங்கத்தால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே ஓர் உத்தரவு வந்தது. பயிர் வைக்கிற சம்சாரியிடம் நெல் வாங்கி வியாபாரம் செய்கிற எவனும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வாங்கியது, விற்றது, கையில் இருப்பது எல்லாவற்றையும் காட்ட வேண்டும். எடுக்காமல் வாங்கினால் ஜெயில், அபராதம், நெல்லும் பறிமுதல். சரி, வியாபாரி யார், வீட்டுச் சோற்றுக்கு வாங்குகிறவர் யார் என்பதை எப்படிப் பிரிப்பது? நெற்றியில் எழுதியிருக்காது. அதற்காக உத்தரவு ஓர் அளவை வைத்தது. ஒருவர் கையில் பத்துக் குவிண்டாலுக்கு மேல் நெல் இருந்தால் அவர் வியாபாரி என்றே எடுத்துக்கொள்ளப்படுவார். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. பணம் கொடுத்தாலும் பண்டம் கொடுத்தாலும் வாங்கியது வாங்கியதுதான்.

நல்ல உத்தரவு. இன்னாசியம்மாளுக்கே அது நல்லதாகத்தான் பட்டது. "அப்பிடிப்பட்ட பயலுகள விடக்கூடாதுங்கய்யா" என்றாள்.

"அம்மா, இப்ப நான் புடிச்சிருக்கிறது ஒங்களத்தான். இது பத்துக் குவிண்டாலுக்கு மேலயே இருக்கு."

அவள் சிரித்தாள். குழந்தைசாமி சிரிக்கவில்லை. சாவடிச் சேவகன் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்து மரத்தில் கட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மாறியது. ரோட்டில் கால் பரப்பி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, அது மழைக்காலத்துச் சோறுங்க" என்றாள்.

முன்வண்டியின் முகப்பில் ஒரு சின்ன ஓலைக்கொட்டான் தொங்கியது. அதிலும் நெல் இருந்தது. "இது என்ன தனியா?" என்று குழந்தைசாமி கேட்டார். அவள் கட்டிப்போட்ட மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதையும் இறக்கி, மூட்டைகளோடு சேர்த்து எழுதிக்கொண்டார்.

* * *

அந்த இரண்டு வண்டி நெல் எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொன்னால்தான் அவள் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டாள் என்பது விளங்கும்.

அந்தத் தெருவில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள். வலையில் வருவதில் நல்ல மீன் ஏலத்துக்குப் போகும். சூடை, காரல், நெத்திலி போன்ற பொடிமீன் வீட்டுக்கு வரும். பெண்கள் அதைக் கழுவி, உப்பில் ஊறப்போட்டு, மணலுக்கு மேல் ஓலைப்பாய் விரித்துக் காயவைப்பார்கள். காகத்தை விரட்ட வேண்டும். வெயில் சாய்வதற்குள் ஒருமுறை புரட்டிப்போட வேண்டும். பனி இறங்குவதற்கு முன் அள்ளிவிட வேண்டும். ஒரு நாள் ஏமாந்தால் புழு வைத்துவிடும். ஆகவே கருவாடு போட்டிருக்கிற பெண் வீட்டை விட்டு நகர முடியாது.

ஆனால் கருவாட்டைத் தின்று உயிர் வாழ முடியாது. நெல் வேண்டும். நெல் இருப்பது ஆலங்குடிப் பக்கம், கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஊர்களில். அங்கே சம்சாரி வீடுகளில் சோறு இருக்கும், கருவாடு இருக்காது. எனவே தை அறுப்பில், தெருவுக்காக ஒரே ஒருத்தி இரண்டு வண்டியோடு புறப்படுவாள். முன்பெல்லாம் சில வருஷம் காத்தாயி போனாள், சில வருஷம் வேறொருத்தி. இப்போது பல வருஷமாக இன்னாசியம்மாள்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, காயவைக்க மீனும் இல்லை, காலில் வலு இருந்தது.

எல்லார் கருவாடும் ஒன்றாகவே வண்டியில் போகும். ஆனால் கலக்கக் கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சாக்கின் மூலையிலும் அந்த வீட்டுக்காரியின் பழைய சேலையிலிருந்து ஒரு கிழிசலை வைத்துத் தைத்திருப்பார்கள். பச்சைக்கரை காத்தாயி, மாம்பழ மஞ்சள் பொன்னுத்தாய். காத்தாயி சாக்கின் கருவாட்டுக்குக் கிடைத்த நெல் காத்தாயி சாக்கிலேயே விழும். இது வெறும் அடையாளம் மட்டும் இல்லை. போன தடவை எந்தக் கருவாடு உப்புக் கரித்தது என்று சம்சாரி வீட்டுப் பெண்கள் மறக்கவே மாட்டார்கள். "அந்தப் பச்சைக்கரைக்காரிகிட்டச் சொல்லு, உப்பு அப்பிப்புட்டான்னு" என்பார்கள். சொல் கடற்கரைக்கு வந்து சேரும். மறு வருஷம் காத்தாயியின் கை உப்பைக் குறைக்கும். நெல்லைக் கலந்திருந்தால் இந்தத் திருத்தம் நடக்காது. நன்றாகக் காயவைத்தவளும் காயவைக்காதவளும் ஒரே நெல்லைத் தின்பார்கள்.

போய் வருகிறவளுக்குக் கூலி கிடையாது. மூட்டைக்கு ஒரு பிடி உண்டு. நடைப்பிடி என்று பேர். மூட்டையின் வாயைத் தைப்பதற்கு முன்னால் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, தன் கொட்டானில் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் முறை இருந்தது. விரலை இறுக்கி மூடி எடுக்க வேண்டும். விரலிடுக்கில் துருத்துகிற நெல்லை மூட்டைக்குள்ளேயே உதறிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. நடந்தவள் பிடி எடுக்காத மூட்டை வீட்டில் தங்காது என்பார்கள்.

சாவடியில் தொங்கிய ஓலைக்கொட்டானில் இருந்தது அந்த நெல்தான்.

* * *

சேதி கேட்டு முதலில் ஓடிவந்தவர் அடைக்கலம். ஆலங்குடிக்குத் தெற்கே சம்சாரி. அவர் களத்தில்தான் இன்னாசியம்மாள் வருஷாவருஷம் முதல் சாக்கை இறக்குவாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தன் பட்டாவைக் காட்டி அவளை ஜாமீனில் எடுத்தார். அவர் மனைவி சொர்ணவல்லி கூடவே வந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணும் யோசிக்காதீங்க. வக்கீல் இருக்காரு. இவுக சாட்சி சொல்லுவாக."

"எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் சொர்ணம். நெல்லு வருமா?"

"வராம எங்கிட்டுப் போகும்? ஒங்க நெல்லு."

வக்கீல் முத்துராமன் கதையை முழுதும் கேட்டார். சேலைக் கிழிசலைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழி அங்கேதான் இருந்தது. நெல் மொத்தமாக ஒருத்தி கையில் இருந்தால் அவள் வியாபாரி. ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு வீட்டுடையது என்று காட்டிவிட்டால், எந்த வீட்டு நெல்லும் பத்துக் குவிண்டாலுக்குக் கிட்டேகூட வராது. அவள் சுமந்து வந்தவள் மட்டுமே. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து மண்ணெண்ணெய் வாங்கி வருகிறவளை எண்ணெய் வியாபாரி என்று யாராவது சொல்வார்களா?

"கிழிசல் எந்தச் சேலையோ அந்தச் சேலையோட ஒவ்வொருத்தியும் வரணும். கோர்ட்டுல வச்சுப் பாக்கட்டும்" என்றார்.

மாசி மாதம் பெண்கள் வந்தார்கள். கருவாட்டைப் பாயோடு மூடிவைத்துவிட்டு, மிச்சச் சேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்தார்கள். நெல் இருந்த சர்க்கார் கிட்டங்கிக்கு வக்கீல் மனுப்போட்டு அழைத்துப் போனார். கிட்டங்கிக்காரர் மரியாதையாகக் கதவைத் திறந்தார்.

உள்ளே மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே நிறம், ஒரே பருமன், ஒரே சணல் தையல். எதிலும் கிழிசல் இல்லை.

கிட்டங்கியின் வழக்கம் அப்படி. பிடிபட்டு வருகிற நெல்லை வந்த சாக்கிலேயே வைக்க மாட்டார்கள். பழைய சாக்கு எடைக்கு ஒத்து வராது, பூச்சியும் இருக்கும். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, அள்ளி, ஒரே எடையாகச் சர்க்கார் சாக்கில் பிடித்துத் தைத்துவிடுவார்கள். அதுவும் இந்தச் சாக்கு நாற்றம் வேறு.

"எங்க சாக்கு எங்கய்யா?" என்று பொன்னுத்தாய் கேட்டாள்.

அவர் பின்புறத்தைக் காட்டினார். சுவரோரம் வெயிலில் ஒரு குவியல் கிடந்தது. மஞ்சள், பச்சை, ஊதா எல்லாம் இருந்தன. பெண்கள் ஆளுக்கொரு சாக்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். காத்தாயி தன் சாக்கை வாய் விரித்து உள்ளே பார்த்தாள். மூலையில் ஒட்டியிருந்த ஒரு நெல்லை நகத்தால் நோண்டி எடுத்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

* * *

சாக்குகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாஜிஸ்ட்ரேட் ஒரு கிழிசலைச் சேலையோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. இன்னொன்றையும் வைத்துப் பார்த்தார். அதுவும் பொருந்தியது.

"சாக்கு இவர்களுடையது. ஒப்புக்கொள்கிறேன்" என்றார். "நெல்?"

முத்துராமன் விடவில்லை. அந்தச் சாக்குகளில்தான் அந்த நெல் வந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் இருக்கிறார் என்று சொல்லி, அடைக்கலத்தைக் கூண்டில் ஏற்றினார்.

அடைக்கலம் சலவை வேட்டி கட்டி வந்திருந்தார். பொய் சொல்ல மாட்டேன் என்று பிரமாணம் எடுத்தபோது, இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்பதுபோல் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நன்றாகச் சொன்னார். களத்தில் யார் சாக்குக் கருவாட்டுக்கு யார் சாக்கில் நெல் விழும், எப்படி அளப்பார்கள், கருவாட்டுப் படியைக் கோபுரமாக அளந்தால் நெல்லுப்படியையும் கோபுரமாகத்தான் அளப்பார்கள் என்பதெல்லாம் சொன்னார். கோர்ட்டில் இருந்தவர்கள் சுவாரசியமாகக் கேட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். அவர் முகம் இளகியிருந்ததை முத்துராமன் பார்த்தார். இன்னாசியம்மாளும் பார்த்தாள்.

"அப்படியானால் இந்த அம்மாள் தெருவுக்காகத்தான் இத்தனை தூரம் நடக்கிறார்?"

"ஆமாங்கய்யா. தங்கமான மனுசி."

சர்க்கார் வக்கீல் எழுந்தார். வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். "ஏன் ஐயா, இத்தனை மூட்டை கை மாறுகிறது. ஆள் பார்க்காத நேரத்தில் இரண்டு படி எடுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?"

அடைக்கலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரப் பாத்து என்ன பேச்சுப் பேசுறீங்க? படியா? இவுக கையி அப்பிடிப்பட்ட கையி இல்லீங்க. மூட்டைக்கு ஒரு பிடி எடுப்பாக. அவ்வளவுதான். அதுவும் இப்பிடி இறுக்கி மூடித்தான் எடுப்பாக." கையை நீட்டி விரலை மடக்கிக் காட்டினார். "துருத்திக்கிட்டு இருக்கிறதைக்கூட உதறிப்புட்டுத்தான் கையத் தூக்குவாக. ஒரு நெல்லு கூடுதலா வராது."

"ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பிடி?"

"ஒவ்வொரு மூட்டைக்கும்."

"ஒவ்வொரு வருஷமும்?"

"எங்க அப்பாரு காலத்துலேருந்து. யாரு வந்தாலும் அதே பிடிதான்."

சர்க்கார் வக்கீல் மேஜைக்கு அடியிலிருந்து ஓலைக்கொட்டானை எடுத்து மேலே வைத்தார். "இதுவா?"

"அதேதான்!" என்றார் அடைக்கலம், காணாமல்போன பொருள் கிடைத்த சந்தோஷத்தில்.

"வேறு கேள்வி இல்லை."

முத்துராமன் கண்ணை மூடிக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். அடைக்கலம் இன்னும் விரல் மடக்கிய கையை நீட்டிக்கொண்டிருந்தார். நல்லது சொல்லிவிட்டோம் என்று இன்னாசியம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் திரும்பத் தலையசைத்தாள். கோர்ட்டில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். தெருவுக்காகச் சும்மா சுமந்து வந்தவள் என்றால் அவள் வியாபாரி இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டு, அதை வருஷாவருஷம் செய்தால், சட்டத்தின் பாஷையில் அது லாபத்துக்காகச் செய்கிற தொழில். பிடி பெரிதா சிறிதா என்று சட்டம் பார்ப்பதில்லை. கமிஷன் என்றால் கமிஷன்தான். அவள் யோக்கியத்துக்குச் சாட்சியாக அவர் காட்டிய அந்த மூடிய கைதான் அவளை வியாபாரியாக்கியது.

* * *

தீர்ப்பைப் படித்தபோது மாஜிஸ்ட்ரேட் இரக்கத்தோடுதான் படித்தார். படிப்பறிவில்லாத பெண், முதல் குற்றம், கெட்ட எண்ணம் இல்லை. ஆகவே சிறைத்தண்டனை கோர்ட் கலையும் வரை. சிறிய அபராதம். நெல் முழுவதும் சர்க்காருக்குப் பறிமுதல்.

கோர்ட் கலையும் வரை என்றால் என்ன என்று முத்துராமன் அவளுக்கு விளக்கினார். ஜெயிலுக்குப் போக வேண்டாம். இந்தப் பெஞ்சிலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மாஜிஸ்ட்ரேட் எழுந்து போனதும் தண்டனை முடிந்தது. "பெரிய விசயம் அம்மா. மூணு வருசம்கூடப் போட்டிருக்கலாம். தப்பிச்சீங்க."

அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. பின்னால் சொர்ணவல்லி கும்பிட்டாள். அய்யாக்கண்ணு வண்டியும் மாடும் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டதும் சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டான்.

இன்னாசியம்மாள் எழுந்து நின்றாள்.

"ஐயா" என்று மாஜிஸ்ட்ரேட்டைக் கூப்பிட்டாள். சேவகன் உஸ் என்றான். "ஐயா, என்னய உள்ள போடுங்க. மூணு வருசமின்னா மூணு வருசம் இருக்கேன். நெல்ல விட்டுருங்க."

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் அது புதிது. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார்.

"அப்படி மாற்றிக்கொள்ள முடியாது அம்மா. இது களம் இல்லை."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்தார். வேறு வழக்குகள் வந்தன, போயின. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்துகொண்டே போனது. வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் காலிச் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கிருந்து தெரிந்தது. அவள் அங்கிட்டுப் பார்க்கவே இல்லை.

கோர்ட் கலைந்து வெளியே வந்தபோது, அடைக்கலம் படிக்குக் கீழே நின்றார். அதற்குள் யாரோ அவருக்கும் விளக்கிச் சொல்லியிருந்தார்கள். சலவை வேட்டி முழங்காலில் மண்ணாகியிருந்தது.

"இன்னாசி, நான் உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைதான் அண்ணே."

"நீ திருடலைன்னு சொல்லத்தானே சொன்னேன்."

"தெரியும் அண்ணே."

"இந்தக் கையி..." என்று தன் கையையே பார்த்தார்.

அவள் வக்கீலிடம் திரும்பினாள். "ஐயா, ஒருத்தி தன் வீட்டுச் சோத்துக்கு ஒரு மூட்டை மாத்துனா குத்தமா?"

"இல்ல."

"அவ மூட்டையோட அவளே கூட வந்தா?"

"யாரும் தொட முடியாது."

"நான் கூட வந்தா?"

முத்துராமன் சற்று யோசித்தார். "வரலாம். ஆனா நெல்லத் தொடாதீங்க. ரெண்டாவது தடவை மாட்டுனா, கோர்ட் கலையிற வரைக்கும்னு எந்த மாஜிஸ்ட்ரேட்டும் சொல்ல மாட்டாரு."

* * *

பங்குனியில் தெரு மறுபடியும் கருவாடு சேர்த்தது. களத்தில் அப்போது நெல் இல்லை. வீட்டுக் குதிர்களுக்குள் போயிருந்தது. சம்சாரிகளுக்கு அதை எடுப்பதில் மனமில்லாத மாதம். அடைக்கலம்தான் முதலில் தன் குதிரின் வாயைத் திறந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சம் திறந்தார்கள்.

இம்முறை தெருவே வந்தது. குழந்தைகளைக் கிழவிகளிடம் விட்டுவிட்டு, காயப்போட்டதைக் காகத்திடம் விட்டுவிட்டு, ஒவ்வொருத்தியும் தன் கருவாட்டைத் தானே அளந்து, தன் நெல்லைத் தானே வாங்கினாள். வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. மழைக்காலம் முழுதுக்கும் காணாது. பாதிக்கு மரவள்ளிக்கிழங்குதான் என்று அப்போதே எல்லாருக்கும் தெரிந்தது.

சாவடியில் குழந்தைசாமி அதே வண்டிகளைப் பார்த்துக் கம்பை இறக்கச் சொன்னார். வண்டிக்குக் கிட்டே வந்தவர் நின்றுவிட்டார். ஒவ்வொரு மூட்டையின் மேலும் ஒரு கை இருந்தது. வண்டியைச் சுற்றிப் பெண்கள் தங்கள் தங்கள் மூட்டையைத் தொட்டபடி நடந்து வந்திருந்தார்கள்.

"இது யாருது?"

"என்னுது. காத்தாயி. பச்சைக்கரை."

"இது?"

"என்னுது. இந்தா கிழிசல், இந்தா சேலை. அவுத்துக் காட்டணுமா?" என்றாள் பொன்னுத்தாய்.

பெண்கள் சிரித்தார்கள். குழந்தைசாமி முகம் சிவந்து அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, வண்டிக்குப் பின்னால், ரோட்டின் அந்தப் பக்கத்தில் தனியாக நின்றிருந்த இன்னாசியம்மாளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"ஒங்க மூட்டை எதும்மா?"

"எனக்கு இல்லைங்கய்யா."

"ஏன், ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை தாராளமாக் கொண்டுபோகலாமே. நானே சொல்றேன். சட்டத்துல எடம் இருக்கு."

"இருக்கட்டுங்கய்யா."

அவர் சேவகனிடம் கம்பைத் தூக்கச் சொன்னார்.

கடற்கரையில் மூட்டைகளை இறக்கியபோது காற்று எழுந்திருந்தது. காத்தாயி தன் மூட்டையின் தையலைப் பிரித்து, வாயை அகல விரித்து, தள்ளி நின்றாள்.

"எடுக்கா."

இன்னாசியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எடு. நடந்துட்டு வந்திருக்கே. பிடி எடுக்காத மூட்டை தங்காதும்பாக. எம் மூட்டைக்கு அந்தச் சொல்லு வேண்டாம்."

பொன்னுத்தாயும் தன் மூட்டையைப் பிரித்தாள். பிறகு மற்றவர்களும் பிரித்தார்கள். மணலில் வரிசையாக மூட்டைகள் வாய் திறந்து நின்றன. இங்கே சாவடி இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, கடல்தான் இருந்தது. இன்னாசியம்மாள் கிட்டே வந்தாள். கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். நெல்லுக்கு மேலே கொண்டுபோனாள். விரல்கள் பழக்கத்தில் தாமாக மடங்கின.

மடங்கிய தன் கையை அவள் பார்த்தாள். அடைக்கலம் கூண்டில் நீட்டிய கை மாதிரியே இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. இருந்தும் அவளால் அதைத் திறந்து நெல்லில் விட முடியவில்லை.

"நீயே ஒலை வையி காத்தாயி" என்றாள். "சோறாக்கு. நான் வந்து திங்கிறேன்."

கையை மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, காய்ந்துகொண்டிருந்த கருவாட்டிலிருந்து காகத்தை விரட்டப் போனாள்.